இனந்தெரியாத எண்ணெய்க்கு ஒரு படிவம்

எரிபொருள், வாகனப் புகை, சுற்றாடல் ஆகிய விடயங்களுக்குப் பொறுப்பான மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியில் என் வீட்டுப் பின்வளவில் இருந்த இரண்டு பரல்களுக்கு உங்கள் அலுவலகங்களில் ஒன்றைச் சேர்ந்த மூவர் வந்து சீல் வைத்துச் சென்றார்கள். அவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மனைவி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார்கள், பேரப்பிள்ளையின் படிப்பை விசாரித்தார்கள். பரல்களின் பக்கத்தில் நான் வெள்ளைப் பெயின்றால் "பயோடீசல், பாவித்த சமையல் எண்ணெயில் செய்தது" என்று எழுதி, செய்த திகதியையும் போட்டிருந்தேன். பற்றுச்சீட்டு எழுத மேசை இல்லாததால், வந்த தம்பி அந்தப் பரலின் மீதே புத்தகத்தை வைத்து, "இனந்தெரியாத எண்ணெய், பரல் 2" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதன் பின்னணி உங்கள் கோப்புகளில் இருப்பதால் அதை முழுவதும் ஒப்புவிக்கப் போவதில்லை. நான்கு அலுவலகங்களுக்கு எழுதினேன், நான்கிலிருந்தும் பதில் வந்தது. ஆகையால் பதில் வரவில்லை என்று குறை சொல்ல எனக்கு வழியில்லை. பெற்றோலியத்திலிருந்து எடுக்கப்படாத திரவம் தமது விடயப் பரப்புக்குள் வராது என்றது முதலாவது அலுவலகம். வாகனத்தில் ஊற்றப்படுவதால் அது எரிபொருளே, ஆகவே முதலாவது அலுவலகத்தையே நாடுக என்றது இரண்டாவது. புகைக்குழாயால் வெளிவருவதையே தாம் அளப்பதாகவும், தாங்கிக்குள் போவதைப் பற்றித் தமக்குக் கருத்து இல்லை என்றும் மூன்றாவது தெரிவித்தது. நான் அதை விற்பதில்லையாதலால் வியாபார அனுமதி வழங்க முடியாது என்றும், அனுமதி இல்லாதபடியால் விற்கவும் கூடாது என்றும் நான்காவது ஒரே பந்தியில் எழுதியிருந்தது. அது எரிபொருள் அல்ல என்றால் சீல் எதற்கு என்றும், எரிபொருள்தான் என்றால் அதற்கு விண்ணப்பிக்க ஒரு படிவம்கூட இல்லாதது ஏன் என்றும் நான் கேட்ட கேள்விக்கு மட்டும் நான்கு கடிதங்களிலும் இடம் கிடைக்கவில்லை.

நான் கேட்பது மானியமோ காணியோ அல்ல. பாவித்த சமையல் எண்ணெயிலிருந்து சிறிய அளவில் பயோடீசல் செய்து டீசலுடன் கலந்து பயன்படுத்த விரும்பும் ஒருவர் எங்கே விண்ணப்பிக்க வேண்டும், என்ன சோதனைக்கு உட்பட வேண்டும், யார் வந்து பார்வையிடுவார் என்று எழுத்தில் ஒரு நடைமுறை வேண்டும். அதற்கு ஒரு படிவம் வேண்டும். எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்பவர்களை நீங்கள் நாள்தோறும் காண்பீர்கள். எங்களைக் கட்டுப்படுத்துங்கள் என்று நான் கேட்கிறேன்.

இருபத்தேழு வருடங்கள் மோட்டார் பொறிமுறை கற்பித்து ஓய்வுபெற்ற நான் இந்த வேலையில் இறங்கியது பொழுதுபோக்குக்காக அல்ல. 2022ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில் டீசல் விலை லீற்றர் 460 ரூபாவாக ஏறியதையும், மறுநாளே அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லை என்று அறிவிக்கப்பட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் என் தம்பியின் சிறுபோக வேளாண்மை அப்போது கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஐந்து லீற்றர் டீசல் வேண்டி அவர் நான்கு இரவுகள் வரிசையில் நின்ற லொறியின் கீழே பாய் விரித்துப் படுத்தார். ஐந்தாம் நாள் பவுசர் வந்தது, கொண்டுபோன கானில் ஊற்ற மாட்டோம் என்றார்கள். வாய்க்காலில் தண்ணீர் இருந்தது, வயல் காய்ந்தது. அந்த வாரம் கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தில், ஒரு பையன் வாளி நிறையக் கறுத்த எண்ணெயை வடிகானில் ஊற்றுவதை நான் பார்த்தேன். எண்ணெயாகப் பார்த்தால் அது கழிவு. எரிபொருளாகப் பார்த்தால் அது என் தம்பியின் இரண்டு நாள் தண்ணீர்.

டீசல் இயந்திரத்துக்குத் தாவர எண்ணெய் புதிய சங்கதி அல்ல. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. பார்வையாளர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை என்று ருடோல்ஃப் டீசலே பின்னர் எழுதினார். ஆனால் எண்ணெயை அப்படியே தாங்கியில் ஊற்றலாம் என்று சொல்லித் திரிபவர்களின் பக்கம் நான் இல்லை. பச்சை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிப்பானது. நொசிலிலிருந்து அது புகாராய்ச் சிதறாமல் துளியாய் விழும், முழுமையாக எரியாது, கரி படியும், பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். 2022இல் அவசரத்தில் அப்படி ஊற்றி இயந்திரத்தைக் கெடுத்துக்கொண்ட இருவர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். நடைமுறை ஒன்று எழுத்தில் இருந்திருந்தால் அந்த இரண்டு இயந்திரங்களும் தப்பியிருக்கும்.

பயோடீசல் என்பது வேறு. எண்ணெயை வடித்து, நீரை விரட்டி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெதனோலில் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து, 55 முதல் 60 பாகை வரையான சூட்டில் கலக்கினால், எண்ணெயின் மூலக்கூறு உடைந்து கிளிசரின் தனியே அடியில் இறங்கும். மேலே நிற்பது மெதைல் எஸ்டர், அதாவது பயோடீசல். அதைக் கழுவி உலர்த்தினால் டீசலுக்கு நெருக்கமான இளக்கம் கிடைக்கும். வடை பொரித்த எண்ணெயும் கோழி பொரித்த எண்ணெயும் ஒரே அளவு புளித்திருப்பதில்லை. எவ்வளவு சோடா கூட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்தே அறிய வேண்டும். முதல் சோதனையை நான் மஞ்சள் கரைத்த தண்ணீரை வைத்துத்தான் செய்தேன். காரத் துளிகள் ஒவ்வொன்றாக விழ, மஞ்சள் நிறம் சட்டென்று குங்குமமாய் மாறிய கணத்தில், "ஆலத்தி எடுக்கிற தண்ணியில என்ன செய்றீங்க?" என்று என் மனைவி கேட்டார். சுண்ணாம்பு சேர்த்தால் மஞ்சள் சிவக்கும் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த இரசாயனம்தானே.

மெதனோல் கொடிய நஞ்சு என்பதையும், அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் நான் அறிவேன். வீட்டுக்கு வீடு இதைச் செய்யத் தொடங்கினால் ஆபத்து என்று நீங்கள் அஞ்சுவது நியாயம். அந்த அச்சம் உண்மையானது என்பதாலேயே படிவம் வேண்டும் என்கிறேன்.

புகை விடயத்தில் மிகைப்படுத்திப் பேசி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்தால் புகைத் துகள்கள் ஏறக்குறைய 10 சதவீதமும், காபனோரொட்சைட்டு 11 சதவீதமும், எரியாத ஐதரோகாபன்கள் 21 சதவீதமும் குறைகின்றன. நைதரசன் ஒட்சைட்டுகள் 2 சதவீதம் கூடுகின்றன. பயோடீசலின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஒட்சிசன் இருப்பதால் எரிதல் நிறைவாகிறது. கந்தகம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் லீற்றர் ஒன்றில் அடங்கிய சக்தி டீசலைவிடக் கொஞ்சம் குறைவு. பழைய வாகனங்களில் தாங்கியின் அடியில் கிடந்த ஊத்தையைக் கழுவி எரிபொருள் வடியை அடைத்துவிடும். பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். தம்பியின் லொறியில் மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை வடியை மாற்றினோம். அதன்பின் அடைப்பு இல்லை. புகைமானியில் அந்த லொறியின் எண் இறங்கியது உண்மை. அதே வாரத்தில் நொசில்களையும் துப்புரவு செய்திருந்தேன் என்பதும் உண்மை. இரண்டில் எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்தறியும் கருவி என் கராஜில் இல்லை. உங்களிடம் உண்டு.

இப்போது பரல்களுக்கு வருகிறேன். நான் உங்களுக்கு எழுதுவதே அவற்றைப் பற்றித்தான்.

பங்குனி மாதம் நோன்பு காலமாக இருந்தது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சமூசாவும் ரோல்ஸும் கட்லட்டும் பொரிக்கப்படும் அளவை நீங்களே அறிவீர்கள். வேறு எந்த மாதத்திலும் சேராத அளவு எண்ணெய் அந்த மாதம் சேர்ந்தது. கடைக்காரர்கள் ஒரு சதமும் வாங்காமல், இதையே மறுபடி பொரிக்க மலிவாக வாங்கிச் செல்ல வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்குத் தந்தார்கள். அப்படிச் செய்த ஏறக்குறைய 400 லீற்றர்தான் அந்த இரண்டு பரல்களும். டீசலுடன் ஐந்தில் ஒரு பங்காகக் கலந்திருந்தால் 2,000 லீற்றர் கலவை.

பயோடீசல் நெடுநாள் வைத்திருக்கும் பொருள் அல்ல. காற்றும் சூடும் ஈரமும் பட்டால் அது காறிப்போகும், அமிலம் கூடும், ஆறு மாதத்துக்குள் பாவித்துவிட வேண்டும் என்பதே பொதுவான விதி. சீல் வைத்தவர்கள் மாதிரி எடுத்துச் செல்லவில்லை, போத்தல் கொண்டு வரவில்லை என்றார்கள். ஆனால் அதே வார்ப்பிலிருந்து நான் முன்னரே எடுத்த ஒரு போத்தல் என் அலுமாரியில் இருந்தது. சித்திரையில் அது தேன் நிறத்தில், அப்பால் பிடித்த பத்திரிகையின் தலைப்பை வாசிக்கத்தக்கதாக இருந்தது. ஆடியில் மூடியைத் திறந்தபோது பழைய பெயின்ற் டப்பாவின் வாடை வந்தது. புரட்டாதியில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. போத்தலைச் சாய்த்தால் அது சளியைப் போல மெல்ல நகர்ந்தது. வெளியே கிடக்கும் பரல்களின் நிலை இதைவிட நல்லதாக இருக்க வழியில்லை. பகலில் வெயிலில் தகரம் விரிவதும் இரவில் குளிர்ந்து சுருங்குவதுமாக, பரல் மூச்சு வாங்குகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் "டங்" என்று ஒரு சத்தம், பத்து மணிக்கு இன்னொன்று. என் மனைவி முதலில் கள்வன் என்று பயந்தார், இப்போது அதைக் கேட்டு நேரம் சொல்கிறார்.

சீல் உடைந்தால் நான் பொறுப்பு என்று கையொப்பமிட்டிருக்கிறேன். ஆகவே பரல்களை நகர்த்த முடியாது, பாவிக்க முடியாது, ஊற்றவும் முடியாது. அவற்றின் மேல் நான்கு தகரம் போட்டு, கல் வைத்து, காற்றடிக்கும் இரவுகளில் எழுந்து பார்த்து வருகிறேன். பொத்துவில் வழியாக உகந்தைக்கும் அங்கிருந்து காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கும் முப்பது வருடங்களாக நடந்து போன நான், இவ்வருடம் வாசலில் நின்று மற்றவர்களை வழியனுப்பினேன். இது பெரிய துன்பம் அல்ல என்று நீங்கள் சொல்லலாம். செய்த பொருளை நாளுக்கு நாள் கெட விட்டு, அது கெடுவதற்குக் காவலும் இருப்பது எத்தகைய வேலை என்பதை ஏழு மாதம் செய்து பார்த்தவனுக்கே தெரியும்.

சும்மா இருக்கவும் இல்லை. ஆய்வுகூட அறிக்கை கொண்டு வந்தால் பரிசீலிக்கலாம் என்று ஓர் அலுவலர் தொலைபேசியில் சொன்னதை நம்பி, ஒரு போத்தல் மாதிரியுடன் கொழும்புக்கு இரவு பஸ் ஏறினேன். நடத்துனர் பையை முகர்ந்து பார்த்து, எரிபொருள் ஏற்ற முடியாது என்றார். டீசல் 60 பாகை அளவிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும், நன்றாகச் செய்த பயோடீசலுக்கு அது 100 பாகைக்கும் மேல், உங்கள் பஸ்ஸின் தாங்கியில் இருப்பதைவிட என் மடியில் இருப்பது பாதுகாப்பானது என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, இது எண்ணெயா பெற்றோலா, ஒண்டச் சொல்லுங்க" என்றார். நான்கு அலுவலகங்களாலும் முடிவுசெய்ய முடியாத வினாவை அவர் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டார். எண்ணெய் என்றேன், ஏற்றிக்கொண்டார். மறுநாள் காலையில் ஆய்வுகூடத்தில், தனிநபர் மாதிரிகள் ஏற்கப்பட மாட்டா, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகம் எது என்று கேட்டேன். அது உங்களுக்குத்தானே தெரிய வேண்டும் என்றார்கள்.

முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு போத்தல் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஏன் போக வேண்டும்? வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அமில எண், நீரளவு, தடிப்பு, தீப்பற்று நிலை ஆகிய நான்கையும் சோதிப்பது விண்வெளி விஞ்ஞானம் அல்ல. ஐரோப்பாவின் ஈ.என் 14214, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம் டி 6751 ஆகிய பயோடீசல் தரங்கள் அச்சில் இருக்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. பிலிப்பைன்ஸ் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தேங்காயெண்ணெய் எஸ்டரை டீசலில் கலக்கிறது, இந்தோனேசியா பாம் எண்ணெயில் செய்த பயோடீசலை டீசலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கலக்கிறது. நாம் அவர்களைப் போல் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேங்காய் விற்கும் விலையில் அதை இயந்திரத்துக்கு ஊற்றச் சொல்பவனை எங்கள் ஊர்ப் பெண்கள் திருவலையாலேயே அடிப்பார்கள். வேளாண்மைக் காணியில் எரிபொருள் எண்ணெய்க்காகக் காட்டாமணக்கு நடலாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பேசுவது வடிகானுக்குப் போகும் எண்ணெயைப் பற்றி மட்டும்.

அந்த வடிகான்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மழை விட்ட மறுநாள் காலையில் மட்டக்களப்பு வாவிக் கரையோரம் வந்து பாருங்கள், நீரின் மேல் வானவில் படலம் மிதக்கும். மீன் பாடுகிறது என்று பெயர் வாங்கிய வாவி இது. பாடும் வாய்க்குள் என்ன போகிறது என்று கேட்க ஆளில்லை. வடிகானில் எண்ணெய் ஊற்றியவரிடம் எந்த அலுவலகமும் பற்றுச்சீட்டு எழுதியதை நான் காணவில்லை. வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் பெற்ற புகைச் சான்றிதழை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே கரிய புகையைக் கக்கியபடி பாடசாலை விடும் நேரத்தில் பிரதான வீதியில் போகும் வாகனங்களுக்கும் எவரும் சீல் வைக்கவில்லை. 2023இல் சீன நிறுவனம் ஒன்று நாடெங்கும் எரிபொருள் விற்க வந்தபோது அதற்குச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது, அனுமதி இருந்தது, படிவமும் இருந்திருக்கும். யானை புகுவதற்கு வாசல் வெட்டத் தெரிந்த நிருவாகத்துக்கு எறும்பு போக ஒரு துவாரம் விடத் தெரியவில்லை. எங்களுக்கென்று வைத்திருப்பது "இனந்தெரியாத" என்ற ஒரு சொல்லும் ஒரு துண்டு ஈயமும்தான்.

மன்னிக்க வேண்டும். கோபத்தை இம்மடலில் காட்டுவதில்லை என்று எண்ணித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பணிவுடன் கேட்கிறேன். உங்கள் நான்கு அலுவலகங்களும் ஒரு முறை, மாவட்டச் செயலகத்திலோ வேறெங்கோ, ஒரே மேசையில் அமர்ந்து, இப்பொருள் யாருடையது என்று தீர்மானியுங்கள். தீர்மானித்த பின், எவ்வளவு அளவு வரை சொந்தப் பாவனைக்குச் செய்யலாம், மெதனோலை எங்கே எப்படி வைக்க வேண்டும், கழுவிய நீரையும் கிளிசரினையும் என்ன செய்ய வேண்டும், எந்த இயந்திரங்களில் எத்தனை சதவீதம் கலக்கலாம், எண்ணெய் தந்த கடைகளின் பதிவேட்டை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு படிவத்தைத் தாருங்கள். அது தமிழிலும் இருந்தால் நல்லது. கட்டணம் வையுங்கள், செலுத்துகிறோம். முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பாருங்கள், கதவைத் திறக்கிறோம். தரத்துக்குக் குறைந்தால் அனுமதியைப் பறியுங்கள், வாதாட மாட்டோம். களுவாஞ்சிக்குடியில் இதைச் செய்பவன் நான் ஒருவன்தான். ஆனால் அக்கரைப்பற்றிலிருந்தும் செங்கலடியிலிருந்தும் உழவு இயந்திரக்காரர்கள் வந்து முறையைக் கேட்டுவிட்டு, பரல்களைப் பார்த்ததும் திரும்பிப் போகிறார்கள்.

இரண்டு பரல்களைப் பொறுத்தவரை, அவற்றில் இருப்பது இனி இயந்திரத்துக்கு உதவாது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒக்டோபர் பிறந்துவிட்டது, வாடைக் காற்று தொடங்கினால் என் பின்வளவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், தகரமும் கல்லும் அப்போது போதா. மழைக்கு முன்பு ஒருவரை அனுப்பி, சீலை அகற்றி, அதை எங்கே எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுத்தில் தாருங்கள். வரும்போது மாதிரி எடுக்க ஒரு போத்தலையும் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் என்னிடம் கழுவி வைத்தது இருக்கிறது.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறிமுறை ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.